ஆபரேட்டர் விசாவும் அடிப்படைச் சம்பளமும்: நம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவை நம் கரையில் பார்ப்பது அரிது. மீன்பிடிக்கும் கடைவேலைக்கும் போனவர்களே முன்பு அதிகம். சவூதி அரேபியாவில் 2018 ஏப்ரலில் திரையரங்குகள் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு, படம் ஓட்டத் தெரிந்த பிள்ளைகளும் விசா கேட்டு அலையத் தொடங்கினார்கள்.

நான் கீற்றுக் கொட்டகையில் ரீல் ஒட்டிப் பழகியவன். பின்னர் ஊர்த் திரையரங்கில் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தேன். அதன்பின் ஆறு ஆண்டுகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு திரையரங்கில் வேலை செய்தேன். இப்போது மாலை வேளைகளில் ஒப்பந்தத் தாளோடு யாராவது வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆகவே, கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆபரேட்டர் வேலைக்கு என்று வெளிநாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் தனியாக இருக்கிறதா?

இல்லை. தமிழ்நாட்டில் தொழில்வாரியாகக் குறைந்தபட்ச ஊதியம் அறிவிக்கும் வழக்கம் உண்டு. திரையரங்கு வேலையும் அந்தப் பட்டியலில் இருப்பதால், அங்கேயும் அப்படி ஒன்று இருக்கும் என்று நம்மவர்கள் எதிர்பார்க்கிறார்கள். நாம் போகும் நாடுகளில் நிலைமை வேறு. சில நாடுகள் எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக ஒரே தொகையை வைத்திருக்கின்றன. சில நாடுகளில் அதுவும் கிடையாது. இன்னும் சில நாடுகளில், இவ்வளவு சம்பளம் இருந்தால்தான் விசா என்று ஒரு வரம்பு மட்டும் இருக்கிறது. இந்த மூன்றில் நீங்கள் போகும் நாடு எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் எந்த நாட்டில் எவ்வளவு?

கத்தாரில் 2021 மார்ச் 20 முதல் எல்லா நாட்டவருக்கும் எல்லா வேலைக்கும் அடிப்படைச் சம்பளம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது. நிறுவனம் தங்குமிடம் தராவிட்டால் அதற்கு 500 ரியாலும், சாப்பாடு தராவிட்டால் அதற்கு 300 ரியாலும் சேர்த்துத் தர வேண்டும். இரண்டும் தராத நிறுவனம் 1,800 ரியால் தந்தாக வேண்டும். குவைத்தில் தனியார் துறைக்கு 75 தினார் என்று இருக்கிறது. இது மிகக் குறைவு என்பதால், சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக அந்தத் தொகைக்கு யாரும் சம்மதிக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

மலேசியாவில் மாதம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கும், அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் சிறிய நிறுவனங்களுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். இந்த 1,700 அடிப்படைச் சம்பளம் மட்டுமே. அலவன்சைக் கூட்டி 1,700 காட்டுவது சட்டப்படி செல்லாது.

அமீரகத்தில் வெளிநாட்டவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று எந்தத் தொகையும் இல்லை. 2021ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் அப்படி ஒன்றை நிர்ணயிக்க அமைச்சரவைக்கு அதிகாரம் தந்திருக்கிறது, அவ்வளவுதான். அங்கே உங்களுக்குக் காவல், நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தம் மட்டுமே.

சவூதியில் 4,000 ரியால் தந்தே ஆக வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

அந்தத் தொகை சவூதிக் குடிமக்களைப் பற்றியது. ஒரு நிறுவனம் இத்தனை உள்நாட்டவரை வேலைக்கு வைத்திருக்க வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. அந்தக் கணக்கில் ஒருவரை முழு ஆளாகச் சேர்க்க அவருக்கு 4,000 ரியால் சம்பளம் இருக்க வேண்டும். நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு அது பொருந்தாது. இந்தச் செய்தியை நம்பி, 1,400 ரியால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு ‘அங்கே போனதும் சட்டப்படி ஏற்றித் தருவார்கள்’ என்று காத்திருந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனுக்குக் கடைசிவரை 1,400 ரியால்தான் கிடைத்தது.

காக்கா (அண்ணே), ஏஜெண்ட் 2,000 திர்ஹாம் என்றார். தாளில் அடிப்படை 900, மீதி 1,100 அலவன்ஸ் என்று இருக்கிறது. கூட்டினால் ஒன்றுதானே?

மாதக் கடைசியில் கையில் வாங்கும்போது ஒன்றுதான். மற்ற எல்லாக் கணக்கிலும் அது ஒன்றல்ல. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அமீரகத்தில் மிகைநேரச் சம்பளமும், வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. அடிப்படை 900 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3.75 திர்ஹாம். மிகைநேரத்துக்கு 25 விழுக்காடு கூட்டினாலும் 4.69 தான் வரும். அடிப்படை 1,500 என்றால் அதே மிகைநேர ஒரு மணிக்கு 7.81 வரும். ஆபரேட்டர் வேலையில் மிகைநேரம் இல்லாத வாரமே கிடையாது என்பது படம் ஓட்டும் கேபினில் நின்றவர்களுக்குத் தெரியும்.

பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம்; அதன்பின் ஆண்டுக்கு 30 நாள். என் கதையையே சொல்கிறேன். ஊரில் என்னிடம் 1,800 என்று பேசினார்கள். தாளில் அடிப்படை 800 என்று இருந்தது. நான் படிக்காமல் கையெழுத்திட்டேன். ஆறு ஆண்டு முடிந்து திரும்பியபோது 135 நாள் கணக்கில் 3,600 திர்ஹாம் தந்தார்கள். 1,800 முழுவதும் அடிப்படையாக இருந்திருந்தால் 8,100 கிடைத்திருக்கும். நிறுவனம் என்னைச் சட்டத்துக்குப் புறம்பாக ஏமாற்றவில்லை. தாளில் இருந்ததை ஒரு காசு குறையாமல் தந்தது. அதனால்தான் அந்தத் தாளைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

ஏஜெண்டிடம் மொத்தம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். அடிப்படை எவ்வளவு என்று கேளுங்கள். அதை மட்டும் ஏற்றித் தரச் சொல்லிப் பேரம் பேசுங்கள். மொத்தத்தில் நூறு குறைந்தாலும் பரவாயில்லை.

கத்தாரில் கம்பெனியே அறையும் சாப்பாடும் தருகிறது. 1,000 ரியால் போதும் என்கிறார்கள். சரியா?

சட்டப்படி சரி. தருவதாகச் சொல்லும் சாப்பாடு உண்மையிலேயே உங்கள் வேலைநேரத்துக்கு வருகிறதா என்று மட்டும் விசாரியுங்கள். முகாமில் இரவு எட்டு மணிக்குச் சோறு முடிந்துவிடும். நீங்கள் திரும்ப இரண்டு மணி ஆகும். அப்படியானால் சாப்பாட்டுக்குப் பதில் 300 ரியாலைச் சம்பளத்தோடு எழுதித் தரும்படி கேட்பது நல்லது.

கடைசிக் காட்சி முடிய இரவு ஒரு மணி, இரண்டு மணி ஆகிறது. இரவு வேலைக்குக் கூடுதல் சம்பளம் உண்டா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அமீரகச் சட்டத்தில், இயல்பான எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலை இரவு பத்து மணிக்கும் காலை நான்கு மணிக்கும் இடையில் வந்தால் 50 விழுக்காடு கூடுதல் தர வேண்டும். ஆனால் ஷிப்ட் முறையில் வேலை செய்பவர்களுக்கு அந்த 50 விழுக்காடு கிடையாது. கத்தார்ச் சட்டமும் இரவு வேலைக்கான 50 விழுக்காட்டில் ஷிப்ட் தொழிலாளர்களை இப்படியே ஒதுக்கிவைக்கிறது. திரையரங்குகள் ஆபரேட்டரை ஷிப்டில்தான் போடுகின்றன. மாலை ஐந்துக்கு ஏறி இரவு ஒன்றுக்கு இறங்கினால் அது எட்டு மணி நேரம். கூடுதல் எதுவும் இல்லை.

படம் தாமதமாகத் தொடங்கி, அல்லது சர்வர் கோளாறு சரிபார்த்து, எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் மிகைநேரம் தந்தாக வேண்டும். ஒப்பந்தத்திலோ நிறுவனத்தின் நேரப் பட்டியலிலோ ‘ஷிப்ட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் 50 விழுக்காட்டைக் கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. சவூதியில் கணக்கு எளிது: மிகைநேரத்துக்கு இரவு, பகல் பாராமல் அடிப்படையில் 50 விழுக்காடு கூடுதல்.

ரமலானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமீரகத்தில் அந்த மாதம் வேலைநேரம் எல்லா மதத்தவருக்கும் நாளுக்கு இரண்டு மணி நேரம் குறையும். திரையரங்குக்குக் கூட்டம் வருவதோ நோன்பு திறந்து, தராவீஹ் தொழுகை முடிந்த பிறகு. ஆகவே, அந்த மாதத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்ற ஒவ்வொரு மணியும் மிகைநேரம். பலர் இதைக் கேட்பதே இல்லை.

எட்டுத் திரையையும் நான் ஒருவனே பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். அதற்கேற்பச் சம்பளம் கேட்க முடியாதா?

கேட்கலாம், சட்டம் துணைக்கு வராது. ரீல் மாற்றிய காலத்தில் ஒரு கேபினுக்கு ஒரு ஆபரேட்டராவது வேண்டும். இப்போது படம் டிசிபி என்னும் டிஜிட்டல் கோப்பாக வருகிறது. அதைத் திறக்கும் கேடிஎம் சாவி எந்த நாள், எந்த மணி வரை செல்லும் என்பது முன்னதாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரே கணினியிலிருந்து எல்லாத் திரையையும் ஓட்டிவிடலாம். எத்தனை திரைக்கு ஒரு ஆள் என்று எந்தச் சம்பளச் சட்டமும் சொல்லவில்லை. ஆகவே, அது நேர்காணலில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

விசாவில் ‘துப்புரவுப் பணியாளர்’ என்று போட்டிருக்கிறது. போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

ஒப்புக்கொள்ளாதீர்கள். அரசு பதிவேட்டில் நீங்கள் என்ன தொழிலோ அதுவே உங்கள் வழக்கிலும் நிற்கும். ஒப்பந்தத்தில் துப்புரவுச் சம்பளம் எழுதியிருந்தால், ஆபரேட்டர் வேலை செய்தேன் என்று சொல்லி அதற்கு மேல் கேட்பது மிகக் கடினம். படம் காட்டும் கருவியின் செனான் விளக்கை மாற்றும்போது விபத்து நடந்தால், ‘துப்புரவாளருக்குக் கேபினில் என்ன வேலை?’ என்றுதான் முதல் கேள்வி வரும். ‘திரையரங்குத் தொழில்நுட்பர்’, ‘ஒலி-ஒளிக் கருவி இயக்குநர்’ போன்ற பெயர்கள் இருந்தால் தயங்க வேண்டாம்.

என் பாஸ்போர்ட் இசிஆர் (குடிபெயர்வு அனுமதி தேவைப்படும்) வகை. அதற்கும் சம்பளத்துக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அப்போது ஒப்பந்தம் இந்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் ஏறும். ஒவ்வொரு நாட்டுக்கும் தொழிலுக்கும் இந்திய அரசு ஒரு பரிந்துரைச் சம்பளம் வைத்திருக்கிறது. அதற்குக் கீழே எழுதப்பட்ட ஒப்பந்தத்துக்கு அனுமதி கிடைக்காது. அமீரகத்தில் குறைந்தபட்சச் சம்பளமே இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? அங்கே போகும் இசிஆர் தொழிலாளிக்கு ஒரு வேலியாக இருப்பது நம் நாட்டின் இந்தத் தொகைதான். இதை அலைச்சல் என்று நினைத்துக் குறுக்குவழி தேடாதீர்கள்.

நான் பத்தாம் வகுப்பு தேறிவிட்டேன். எனக்கு இந்தத் தொல்லை இல்லைதானே?

இல்லை. ஆனால் அந்த வேலியும் உங்களுக்கு இல்லை. 700 திர்ஹாம் ஒப்பந்தத்தோடு நீங்கள் மதுரையில் விமானம் ஏறினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். படித்த பிள்ளைகள் படிக்காதவர்களைவிடக் குறைந்த அடிப்படையில் போய்ச் சேர்வதை நான் பார்த்திருக்கிறேன், மனம் வலிக்கிறது. இசிஆர்காரர்களுக்குக் கட்டாயமான பிரவாசி பாரதீய பீமா காப்பீட்டை நீங்களாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

ஏஜெண்ட் ஒன்றேகால் லட்சம் கேட்கிறார். நியாயமா?

நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை. பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான 18 விழுக்காடு ஜிஎஸ்டியும், மொத்தம் 35,400. ரசீது தர வேண்டும். அமீரகச் சட்டப்படி ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது. முகவரின் பதிவு எண்ணை இ-மைகிரேட் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் 1978 முதல் ஆட்களை அனுப்பிவருகிறது; அங்கேயும் பெயரைப் பதிந்துவையுங்கள்.

வட்டிக்கு வாங்கிக் கொடுத்த ஒன்றேகால் லட்சத்தை 900 திர்ஹாம் அடிப்படைக்காரர் அடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று, கையெழுத்திடும் முன் வீட்டுப் பெண்களை உட்காரவைத்துக் கணக்குப் போடுங்கள். அவர்கள் சரியாகப் போடுவார்கள்.

விசிட் விசாவில் போய் அங்கேயே வேலை தேடினால் என்ன?

விசிட் விசாவில் வேலை செய்யும் நாட்களுக்கு எந்தச் சம்பளச் சட்டத்தையும் காட்டிக் கேட்க முடியாது. பிடிபட்டால் அபராதமும் உண்டு. ‘ஃப்ரீ விசா’ என்பதும் இதற்குத் தம்பிதான். ஸ்பான்சர் ஒருவர், வேலை தருபவர் வேறொருவர் என்றால், சம்பளம் நின்றதும் இருவரும் கையை விரிப்பார்கள். அமீரகத்தில் முறையான வழி என்றால் முதலில் வேலை அழைப்புக் கடிதம் வரும். அது அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். பின்னர் போடும் ஒப்பந்தம் அந்தக் கடிதத்தில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள்.

செனான் விளக்கு வெடித்துவிட்டது. விளக்கின் விலையைச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். பிடிக்கலாமா?

எளிதில் பிடிக்க முடியாது. அமீரகச் சட்டப்படி, தொழிலாளியின் தவறால் ஏற்பட்ட சேதமாக இருக்க வேண்டும். அவரது எழுத்துபூர்வச் சம்மதமும் வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. செனான் விளக்கு உள்ளே அதிக அழுத்தத்தில் வாயு அடைக்கப்பட்ட பொருள். அதற்கென்று குறித்த மணிநேரத்தைத் தாண்டி எரித்தால் வெடிக்கும் வாய்ப்பு கூடும். செலவை மிச்சம் பிடிக்க, தாண்டி எரிக்கச் சொல்பவர் மேலாளராகத்தான் இருப்பார்.

ஆகவே, விளக்கு எத்தனை மணிநேரம் எரிந்தது என்று ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதுங்கள். மாற்றும்படி நீங்கள் சொன்ன தேதியையும் குறியுங்கள். வாட்ஸ்அப்பில் மேலாளருக்கு அனுப்புங்கள். என்னோடு இருந்த ஒருவரைப் பிடித்தத்திலிருந்து காப்பாற்றியது அப்படி ஒரு நோட்டுதான். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் விளக்கைத் தொடாதீர்கள். எந்தச் சம்பளமும் கண்ணுக்கு ஈடாகாது.

சிங்கப்பூர், இங்கிலாந்து என்றால் ஸ்பான்சர் விசாவுக்குக் குறைந்தபட்ச ஊதியம் காட்டினால் போதுமா?

போதாது. முதல் பதிலில் சொன்ன மூன்றாவது வகை இதுதான். சிங்கப்பூரில் எல்லாருக்குமான குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது. ஆனால் எஸ் பாஸ் என்னும் வேலை அனுமதி வாங்க, 2025 செப்டம்பர் 1 முதல் குறைந்தது மாதம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் வேண்டும். வயது ஏற ஏற இந்த வரம்பும் ஏறும். அனுமதிக் கடிதத்தில் எழுதிய சம்பளத்தை, உங்கள் எழுத்துபூர்வச் சம்மதமில்லாமல் குறைக்க முடியாது.

பிரிட்டனில் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. 21 வயது நிறைந்தவருக்கு மணிக்கு 12.21 பவுண்டு என்று 2025 ஏப்ரலிலும், 12.71 என்று 2026 ஏப்ரலிலும் ஊதியம் வகுக்கப்பட்டது. திறன் தொழிலாளர் விசாவுக்கோ 2025 ஜூலை 22 முதல் பொது வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. மணிக்கு 12.21 வீதம் வாரம் 37.5 மணி நேரம் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் 24,000 பவுண்டைத் தொடாது. ஆகவே, ‘லண்டன் திரையரங்கில் ஆபரேட்டர், ஆண்டுக்கு 22,000 பவுண்டு, ஸ்பான்சர் உண்டு’ என்று வரும் விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் இருப்பதைவிடக் குறைவாகத் தருகிறார்கள். என்ன செய்வது?

முதலில் வங்கிக் கணக்கில் வந்த தொகைக்குச் சான்று எடுங்கள். வளைகுடா நாடுகளில் சம்பளம் வங்கி வழியாக, அரசு பார்க்கும்படி போக வேண்டும் என்ற முறை இருக்கிறது. அமீரகத்தில் உரிய தேதியிலிருந்து 15 நாள் தாண்டினால் தாமதம். கத்தாரில் ஏழு நாள். வங்கியில் போட்ட பணத்தில் ஒரு பகுதியை மேலாளர் கையில் திருப்பித் தரச் சொன்னால், தராதீர்கள். தந்தால் தாளில் நீங்கள் முழுச் சம்பளம் வாங்கியவர் ஆகிவிடுவீர்கள்.

அமீரகத்தில் தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் செய்யலாம். 50,000 திர்ஹாம் வரையிலான வழக்குகளை அமைச்சகமே தீர்த்துவைக்கும். வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். ஊரில் இருக்கும் குடும்பத்தார் இந்திய அரசின் ‘மதத்’ (MADAD) என்னும் இணையதளத்தில் புகார் பதியலாம். சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத்துறைக்கும் எழுதலாம். ஒப்பந்தத்தின் நகல் வீட்டில் இருந்தால்தான் இது நடக்கும். தாள் சபராளியின் (வெளிநாடு போனவரின்) பெட்டியில் மட்டும் இருந்தால் வீட்டார் என்ன காட்டுவார்கள்?

இதெல்லாம் வேண்டாம், ஊரிலேயே ஆபரேட்டராக இருந்தால்?

அதுவும் மதிப்பான வழிதான். தமிழ்நாட்டில் திரையரங்குத் தொழிலாளருக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம் உண்டு. அதோடு ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறும் பஞ்சப்படியும் சேரும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பின்படி மிகைநேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். அமீரகத்தில் பொதுவாக அது ஒன்றேகால் பங்கு, சவூதியில் ஒன்றரைப் பங்கு என்பதை மேலே பார்த்தோம். படிகளை ஊதிப் பெருக்கி அடிப்படையைச் சிறிதாக்கும் தந்திரத்தையும் அந்தச் சட்டம் ஓரளவு தடுக்கிறது. ஊதியக் கணக்கிலிருந்து விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், மிகுதி ஊதியமாகவே எண்ணப்படும்.

போவது என்று முடிவுசெய்தவர்களும், 1957ஆம் ஆண்டு விதிகளின்படி இங்கே வாங்கிய ஆபரேட்டர் உரிமத்தைக் காலாவதியாக விடாதீர்கள். நான் விட்டுவிட்டேன். திரும்பி வந்து மறுபடி கேபினில் ஏற எனக்கு எட்டு மாதம் பிடித்தது.